எண்ணெய் மிச்சம், இரும்பு செலவு

மகாராஷ்டிரத்தின் வாளுஜ் ஆலையிலிருந்து வெளிவரும் பஜாஜ் ஆர்.இ. ஆட்டோ மதுரையிலும் ஓடுகிறது, இலங்கையின் வவுனியாவிலும் ஓடுகிறது. இன்ஜின் அதே இன்ஜின், கியர்பெட்டி அதே கியர்பெட்டி. ஓட்டுகிற கைதான் வேறு. மதுரையில் மேம்பாலத்தின் உச்சி வந்ததும் ஓட்டுநர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, இறக்கம் முடியும்வரை வண்டியைச் சும்மா உருளவிடுவார். வவுனியாவிலோ அதே வண்டிக்குக் காலையில் கழுவல், துடைப்பு, சீட்டுக்கு உறை, பாட்டுப் பெட்டி, பளபளக்கும் ரிம். அதற்குப் பிறகுதான் முதல் ஹயர், அதாவது வாடகை ஓட்டம்.

இந்த வித்தியாசத்தை மனிதர்களின் குணத்தில் தேடிப் பயனில்லை. இந்தியாவில் வண்டி மலிவு, உதிரி பாகம் அதைவிட மலிவு; தினமும் கையிலிருந்து காசு பறப்பது பெட்ரோலுக்கு. இலங்கையில் வண்டி என்பது காணி மாதிரி ஒரு சொத்து. அதன் விலையோடு ஒப்பிட்டால் பெட்ரோல் செலவு நீண்ட காலம் இரண்டாம்பட்சமாகவே இருந்தது. ஆகவே இங்கே எரிபொருளைக் காக்க வண்டியைத் தேயவிட்டார்கள். அங்கே வண்டியைக் காக்க எரிபொருளைத் தாராளமாக ஊற்றினார்கள். 2022இல் அந்தக் கணக்கு தலைகீழானது.

இந்தியாவின் மைலேஜ் மோகத்துக்கு ஒரு பிறந்த வருடம் சொல்ல வேண்டுமென்றால் 1985ஐச் சொல்லலாம். ஹீரோ ஹோண்டா சி.டி.100 சந்தைக்கு வந்த ஆண்டு அது. ஒருமுறை பெட்ரோல் போட்டு மூடினால் அதைப் பற்றி மறந்தே போகலாம் என்பதுதான் அதன் விளம்பரத்தின் சாரம். புகை கக்கும் ஸ்கூட்டர்களும் ராஜ்தூத்தும் ஆண்ட தெருக்களில் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் புகுந்தது. அன்றிலிருந்து ஷோரூமில் கேட்கப்படும் முதல் கேள்வி மாறவில்லை: “லிட்டருக்கு எவ்வளவு தரும்?” காரில் வந்து இறங்குபவரும் இதைத்தான் கேட்கிறார். பெட்ரோல் விலையைத் தினசரி திருத்தும் முறை 2017 ஜூனில் வந்தது. 2021இல் பல நகரங்களில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. பங்கில் “நூறு ரூபாய்க்குப் போடுண்ணே” என்று நிற்பவருக்கு, தன் வண்டியின் கிளட்ச் தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர் எதுவும் கிடையாது. பெட்ரோல் மீட்டர் மட்டும் கண்முன்னே ஓடுகிறது.

இலங்கையில் அந்தக் கேள்வியே வேறு மாதிரி வரும். “எந்த வருசம்? எத்தினை ஓடியிருக்கு?” என்றுதான் முதலில் கேட்பார்கள். வாகன இறக்குமதி வரி வண்டியின் அசல் விலையையே விழுங்கிவிடும் அளவுக்கு உயரும் நாடு அது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த டொயோட்டாவும் ஹோண்டாவும் சுசுகியும் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, வரி கட்டி, அதன் பிறகு இன்னும் இருபது வருடம் ஓடும். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை விலகியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்றன. ஓட ஓட விலை ஏறும் பொருளை எவனாவது இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டித் தேய்ப்பானா?

தேய்க்கவில்லை என்பது மட்டுமில்லை, அளவுக்கு மீறிப் போற்றினார்கள். இலங்கையில் பெட்ரோல் 92 ஒக்டேன், 95 ஒக்டேன் என்று இரண்டு தரமாக விற்கப்படுகிறது. ஜப்பானில் சாதாரணக் கார்களுக்கு ஊற்றும் ‘ரெகுலர்’ பெட்ரோலுக்கு அந்நாட்டுத் தரம் கேட்பது 89 ஒக்டேன். அதை நம்பி வடிவமைத்த டொயோட்டா அக்குவாவுக்கோ சுசுகி வேகன் ஆருக்கோ 92 தாராளம். இருந்தும் “இன்ஜினுக்கு நல்லது” என்று 95ஐ ஊற்றுபவர்கள் கொழும்பில் எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் உண்டு. ஒக்டேன் எண் என்பது அழுத்தத்தில் தானாகத் தீப்பிடிக்காமல் தாங்கும் திறனின் அளவு, அவ்வளவுதான். அந்தத் திறன் தேவைப்படாத இன்ஜினுக்கு அதனால் சக்தியும் கூடாது, ஆயுளும் கூடாது. காலையில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி வைத்தே இன்ஜினைச் சூடேற்றுவதும் இந்த வகைப் பக்திதான். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைய இன்ஜினில் குளிர்ந்த நிலையில் கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி இறக்கிவிடும். அரை நிமிடம் விட்டுப் பிறகு மெதுவாக ஓட்டினால் பெட்ரோலும் மிச்சம், பிஸ்டன் ரிங்கும் பிழைக்கும்.

இனி அந்த நியூட்ரல் விவகாரம்.

அது முட்டாள்தனமாகத் தொடங்கிய பழக்கம் இல்லை. சேட்டக், பழைய டி.வி.எஸ். 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகும். நீண்ட இறக்கத்தில் கியரில் வைத்துக்கொண்டு த்ராட்டிலை மூடினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும். பெட்ரோல் போகாததால் ஆயிலும் போகாது. பிஸ்டன் காய்ந்துபோய் இறுகிக்கொள்ளும். ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் கையை விரித்துவிடுவார். அதனால் ஏற்காட்டிலிருந்து ஸ்கூட்டரில் இறங்கிய அப்பா கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலில் போட்டோ இறங்கியது சரியான காரியம்தான். பெட்ரோல் மிச்சம் அதன் உபரி லாபம். அதே பாடத்தை மகன் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கும், பேரன் எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிக்கும் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் கோளாறு.

எஃப்.ஐ. வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால், உள்ளே இருக்கும் சிறு கணினி பெட்ரோல் தெளிப்பையே நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். இன்ஜின் சுற்று ஐடிலிங் வேகத்தை நெருங்கும்போதுதான் மறுபடி தெளிக்கத் தொடங்கும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் மிச்சம் என்பது வெறும் நம்பிக்கை. லேசான சரிவில், வண்டி நெடுந்தூரம் உருண்டு போகக்கூடிய இடத்தில், நியூட்ரலுக்குக் கொஞ்சம் ஆதாயம் இருக்கவும் செய்யும். அந்த ஆதாயத்தை பிரேக் பிடிக்காமல் அனுபவிக்கச் சென்னைப் போக்குவரத்து விடுமா என்பது வேறு விஷயம். இந்தியாவில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரலில் வந்த பிறகு விற்பனையான மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை எஃப்.ஐ. வண்டிகள். ஓட்டும் முறை மட்டும் கார்புரேட்டர் காலத்திலேயே நின்றுவிட்டது.

சாவியையே அணைப்பது அதற்கும் மேல். பழைய கார்புரேட்டர் ஆட்டோவில் சாவியை அணைத்துக் கியரில் உருட்டினால், தீப்பொறி இல்லாமலே பிஸ்டன் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சூடான சைலன்சரில் போய்த் தேங்கும். பாலம் முடியும் இடத்தில் சாவியைத் திருப்பியதும் ‘டொப்’பென்று ஒரு சத்தம் வரும், பின்னால் வரும் சைக்கிள்காரர் துள்ளுவார். அந்த ஒரு சத்தத்தில் சைலன்சரின் உள்தகடு ஒரு அடி வாங்குகிறது. நியூட்ரலில் அணைத்து உருட்டிவிட்டு, ஓடும் வேகத்திலேயே கியரைப் போட்டுக் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்பவர்களின் அடி கிளட்ச் தட்டுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் போகிறது. காரில் இந்த வித்தை இன்னும் மோசம். பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிட பூஸ்டர் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

மலைப்பாதையில் இந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பது பிரேக் டிரம். இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரத்தை முழுக்க லைனர் தாங்கினால், அது சூடாகி வழுக்கத் தொடங்கும். மிதி ஆழமாக இறங்கும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்தார்கள். அதற்கும் அடங்காமல் விபத்துகள் தொடர்ந்தபோது வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்குவதற்கே தடை வந்தது. இலங்கையில் நானுஓயாவின் ரதெல்ல குறுக்கு வீதி அதற்கு இணையான செங்குத்து. 2023 ஜனவரியில் அங்கே கல்விச் சுற்றுலா சென்ற மாணவர்களின் பஸ் மோதி ஏழு பேர் இறந்தார்கள். பிறகு கனரக வாகனங்கள் அந்த வீதியில் தடுக்கப்பட்டன. கடுகண்ணாவை, மகியங்கனைப் பதினெட்டு வளைவு, றம்பொடை என்று மலைநாட்டில் பழகிய இலங்கைச் சாரதிக்கு “ஏறின கியரிலதான் இறங்கோணும்” என்பது பாலபாடம். இந்த ஒரு விஷயத்தில் சமவெளி மேம்பாலங்களில் பழகிய தமிழ்நாட்டு ஓட்டுநர், மலைக்குப் போகும்போது அவரிடம் படித்துக்கொண்டு போகலாம்.

பெட்ரோலைத் தாராளமாக ஊற்றிய அந்த நாட்டின் வடக்கில், ஒரு துளி பெட்ரோலும் தங்கமாயிருந்த காலம் ஒன்று உண்டு. 1990இல் யுத்தம் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெட்ரோல், டீசல் வருவது பொருளாதாரத் தடையால் நின்றது. சைக்கிள்தான் ராஜா. இருந்தும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்களும் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களும் ஓடத்தான் செய்தன, மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெட்ரோலைச் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெருமுனையில் வண்டி திரும்பும் முன்பே புகையும் மணமும் வந்து சேர்ந்துவிடும். நிறுத்தினால் மறுபடி பெட்ரோல் துளி வேண்டும் என்பதால், ஆளை இறக்கும்போது இன்ஜினை அணைக்காமல் வைத்திருப்பதே சிக்கனம். உலகமெங்கும் சொல்லப்படும் சிக்கன விதிக்கு நேர் எதிர் இது.

அந்தக் கார்கள் தாங்கியதற்கு அவற்றின் வயதுதான் காரணம். ஏ40இன் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவு. குறைந்த ஒக்டேன் கொண்ட மண்ணெண்ணெயை அது முனகிக்கொண்டாவது எரித்துவிடும். இன்றைய பத்துக்கு ஒன்று இன்ஜின் அதே எண்ணெயில் சில நாட்களில் பிஸ்டனை உடைத்துக்கொள்ளும். தாங்கியது என்றால் சேதம் இல்லை என்று அர்த்தமில்லை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி அடியில் இறங்கி ஆயிலோடு சேரும். ஆயில் பார்க்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். ஏறியது ஆயில் இல்லை. அப்படி நீர்த்த ஆயில் பேரிங்குகளுக்கு இடையே நிற்காது. பிளக்கைக் கழற்றினால் நுனியில் ஈரக் கரி. அதைத் துடைத்து, தேய்த்து, மறுபடி மாட்டுவது அன்றாடக் காரியம். உதிரி பாகமும் தடைப்பட்டியலில் இருந்த காலத்தில் ஒரு வால்வைத் தட்டி, உரசி, மறுபடி உட்கார வைத்த அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இந்தியாவிலும் மண்ணெண்ணெய் பெட்ரோல் டாங்க்குக்குள் போனது. இங்கே காரணம் முற்றுகை இல்லை, லாபம். ரேஷன் மண்ணெண்ணெயின் விலைக்கும் பெட்ரோல், டீசல் விலைக்கும் இருந்த இடைவெளியில் ஒரு கலப்படத் தொழிலே வளர்ந்தது. ரேஷன் எண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியும் அது அடங்கவில்லை. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்பட பங்க்கின் மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாநாட்டுக்காரர் தன் இன்ஜின் கெடுகிறது என்று தெரிந்தே ஊற்றினார். இங்கே ஊற்றப்பட்டது வண்டிக்காரருக்குத் தெரியாமல்.

இலங்கையின் 2022க்கு வருவோம். அந்த வருடத் தொடக்கத்தில் 177 ரூபாய்க்கு விற்ற ஒரு லிட்டர் 92 ஒக்டேன் பெட்ரோல், ஜூன் 26இல் 470 ரூபாயைத் தொட்டது. விலை கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த நாளே அத்தியாவசிய சேவைகள் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனை இரண்டு வாரத்துக்கு நிறுத்தப்பட்டது. நாட்கணக்கில் நீண்ட வரிசைகளில் உயிர் விட்டவர்களும் உண்டு. ஓகஸ்டில் கியூ.ஆர். அட்டை முறை நாடு முழுக்க வந்தது: வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. லிட்டருக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் ஓடும் முச்சக்கர வண்டிக்கு ஐந்து லிட்டர் என்றால் வாரத்தில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாது. ஹயர் ஓடிப் பிழைப்பவருக்கு அது இரண்டு நாள் ஓட்டம்.

வரிசையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து நகர்த்தும் பேச்சே கிடையாது. ஒரு கையால் ஹேண்டிலையும் இன்னொரு கையால் கூரைக் கம்பியையும் பிடித்து, வெயிலில் ஒரு வண்டி நீளம் தள்ளிவிட்டு மறுபடி நிழலுக்கு ஓடுவார்கள். சிக்கனத்தின் உச்சம் அதுதான் என்று நினைத்தால், வண்டிகள் கெட்டது ஓடாமல் நின்றதில்தான் அதிகம். வாரக்கணக்கில் நின்ற கார்களில் பேட்டரி இறங்கியது, டயர் ஒரே இடத்தில் அமுங்கியது. கலனில் சேர்த்து வைத்த பெட்ரோல் மாதங்கள் கழிந்து பிசினாகி இன்ஜெக்டரில் போய் ஒட்டியது. பெரும் அடி ஹைபிரிட் கார்களுக்கு. வரிச் சலுகை இருந்த வருடங்களில் இலங்கை வீதிகளை நிறைத்த பிரியஸும் அக்குவாவும் லிட்டருக்கு இருபதுக்கு மேல் ஓடும் என்று வாங்கப்பட்டவை. அவற்றில் பலவற்றில் உள்ள நிக்கல் வகை உயர் மின்னழுத்த பேட்டரி சும்மா கிடந்தாலே தானாக மின்சாரத்தை இழக்கும். முழுக்க இறங்கினால் அதன் சில செல்கள் மீண்டும் எழும்பாது. பெட்ரோலைச் சேமிக்க வாங்கிய வண்டி, பெட்ரோல் இல்லாமல் நின்றதால் கெட்டது.

ஹைபிரிட் வண்டியைக் குறை சொல்வதும் நியாயமில்லை. ஒழுங்காக ஓடும் காலத்தில் பெட்ரோல் மிச்சமும் தேய்மானக் குறைவும் ஒன்றாக வரும் அரிய உதாரணம் அது. வேகம் குறையும்போது மோட்டாரே டைனமோவாகி வண்டியைப் பிடிப்பதால் பிரேக் பேட் வழக்கத்தைவிட வெகுநாள் தாங்குகிறது. நெரிசலில் இன்ஜின் தானே அணைகிறது, ஸ்டார்ட்டர் தேயும் கவலை இல்லை. கவனிக்க வேண்டியது ஒரு சின்ன இடம். பிரியஸின் பின் சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துவாரம் ஒன்று உண்டு. அதன்மேல் பையை வைத்துக்கொண்டு அனுராதபுரம் வெயிலில் போனால், அல்லது தூசி அடைத்த அதன் ஃபில்டரை வருடக்கணக்கில் தொடாமல் விட்டால், பேட்டரி வெந்துபோகும். கராஜில் பாஸ் (மெக்கானிக்) முதலில் அங்கேதான் கைவைத்துப் பார்ப்பார்.

வண்டியைக் கிட்டத்தட்ட காலி டாங்க்கோடு ஓட்டுவது இரண்டு நாட்டுக்கும் பொதுவானது; ஒரு பக்கம் பழக்கம், மறுபக்கம் 2022இன் கட்டாயம். எஃப்.ஐ. வண்டியின் பம்ப் டாங்க்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கிக்கிடந்து குளிர்ச்சி பெறுகிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓடினால் அது சூட்டில் வேலை செய்யும். நூறு ரூபாய்க்குப் போடுவதில் பெட்ரோல் ஒன்றும் மிச்சமாவதில்லை. பம்ப் மட்டும் சீக்கிரம் போகிறது.

சிக்னலில் இன்ஜினை அணைப்பது பற்றி இரண்டு கட்சி உண்டு. பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால், மறுபடி ஸ்டார்ட் செய்யத் தேவைப்படுவதைவிட ஐடிலிங்கில்தான் அதிகம் எரிகிறது என்பது அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தின் கணக்கு. தில்லி அரசு 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கில் வண்டியை அணைக்கச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தியது. தன்னார்வலர்கள் அட்டை பிடித்துச் சந்திகளில் நின்றார்கள். ஹீரோ நிறுவனம் 2014இல் ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட் வண்டியில் இதைத் தானியங்கியாகவே கொண்டுவந்தது. எதிர்க்கட்சியின் வாதம் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும் போய்விடும் என்பது. தானாக அணையும் வசதியுள்ள வண்டிகளில் அதற்கென்றே பலமான பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வைக்கிறார்கள். அது இல்லாத பழைய காரில், விநாடி காட்டும் சிக்னல்களில் முப்பதுக்கு மேல் என்றால் அணைப்பது, அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். நெடுந்தூரம் விரட்டி வந்த டர்போ டீசல் வண்டியை மட்டும் நிறுத்திய கையோடு அணைக்கக் கூடாது. சூடான டர்போவுக்குள் நின்றுபோகும் ஆயில் அங்கேயே கரியாகிவிடும்.

தமிழ்நாட்டில் எரிபொருள் சிக்கனத்தை ஒரு நிர்வாகக் கலையாகவே செய்வது அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். பணிமனைகளில் கே.எம்.பி.எல். என்ற நாலெழுத்து பெரிய சொல். லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அந்தக் கணக்கு ஓட்டுநர்வாரியாக எடுக்கப்படும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஓடும் அந்த எண்ணில் ஒரு புள்ளி கூடினாலும் பல ஆயிரம் பஸ்களுக்கு அது பெரிய தொகை. 1978இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் இந்த ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. நிறுத்தம் தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரை முன்கூட்டியே விடு, திடீர் பிரேக்கைத் தவிர், சீரான வேகத்தில் போ. அருமையான பாடம். பின்பற்றினால் டீசலோடு லைனரும் டயரும் மிச்சமாகும்.

எண்ணைத் துரத்தத் தொடங்கும்போதுதான் வேறு ஒன்று நடக்கிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே டாப் கியரைப் போட்டு, மேட்டிலும் அதை மாற்றாமல் மிதிப்பது. பஸ் முழுக்க ஓர் உதறல் எடுக்கும். ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நிற்பவரின் முழங்கை வரை அது ஏறும். குறைந்த சுற்றில் ஆயில் பம்ப்பின் அழுத்தமும் குறைவு. அந்த நேரத்தில் ஒவ்வொரு வெடிப்பின் பாரமும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள மெல்லிய பேரிங்கின் மேல் முழு வேகத்தில் இறங்குகிறது. நூறு சி.சி. பைக்கில் நான்காம் கியரில் இருபத்தைந்தில் உருட்டுபவர் செய்வதும் இதுவே. செயினும் கிளட்ச்சும் சேர்ந்து அடி வாங்கும். சிறிய டர்போ பெட்ரோல் கார்கள் பெருகிவிட்ட இன்றைக்கு இதில் புதிய ஆபத்தும் சேர்ந்திருக்கிறது: குறைந்த சுற்றில் அழுத்தி மிதித்தால் எரிபொருள் நேரம் தப்பித் தீப்பிடித்துப் பிஸ்டனையே உடைக்கக்கூடும். டீசல் மிச்சம் ஓட்டுநரின் பெயரில் பலகையில் ஏறும். பேரிங் தேய்மானம் எவர் பெயரிலும் ஏறாது. அளக்கப்படுவது ஒன்று, கட்டப்படும் கட்டணம் இன்னொன்று என்றால் இப்படித்தான் ஆகும்.

இலங்கைத் தனியார் பஸ்ஸில் அளக்கப்படுவது வசூல். முதலாளிக்கு அன்றைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, டீசல் அடித்து, மிஞ்சுவதுதான் சாரதிக்கும் நடத்துநருக்கும். முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால் அடுத்த தரிப்பிடத்து ஆட்கள் தங்களுக்கு. எனவே மிதி, முந்து, பிரேக் போடு, ஆளை ஏற்று, மறுபடி மிதி. கொழும்பு காலி வீதியில் இதை அரை மணி நேரம் பார்த்தால் போதும். டீசல், லைனர், டயர், பயணியின் இடுப்பு என்று எல்லாம் ஒரே நேரத்தில் தேய்வது தெரியும். தமிழ்நாட்டுத் தனியார் டவுன் பஸ்களும் இதற்குக் குறைந்தவை இல்லை. 1958இல் பஸ் சேவையைத் தேசியமயமாக்கிய நாட்டில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் இன்று இந்தப் போட்டியில் ஓடுவதுதான் விசித்திரம்.

ஆனால் தனியார் கார்களைப் பொறுத்தவரை இலங்கையில் ஒரு சிக்கனம் சட்டத்தின் கையால் நடக்கிறது. ஊர்களுக்கு வெளியே சாதாரண வீதிகளில் காருக்கு மணிக்கு 70, முச்சக்கர வண்டிக்கு 40 என்பது எல்லை. ஏ9 வீதியில் மரத்தடியில் வேகம் அளக்கும் கருவியோடு பொலிஸ் நிற்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், நூற்றுப் பத்தில் போகும் காரைவிட எழுபதில் போகும் கார் கணிசமாகக் குறைவாகக் குடிக்கும். டயரும் கூடுதல் நாள் வரும். திருச்சி நெடுஞ்சாலையில் நூற்று இருபதில் பறந்து, டோல்கேட்டில் இறங்கி மைலேஜ் குறைவு என்று புலம்புபவருக்கு ஒருமுறை வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கலாம்.

டீசல் கார்களின் கதை இந்தியாவில் தனி. 2014 அக்டோபர் வரை அரசு தாங்கிய விலையில் டீசல் கிடைத்ததால் ‘கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் டீசலே வாங்கு’ என்று ஒரு தலைமுறை வாங்கியது. பி.எஸ்.6 வந்ததும் டீசல் கார்களின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி ஏறியது. அந்த வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர, கொஞ்ச நேரமாவது வண்டி வேகமாக, சூடாக ஓட வேண்டும். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் கோயில், எப்போதும் நாற்பதுக்குள் என்று மென்மையாக ஓட்டுபவரின் வண்டியில்தான் எச்சரிக்கை விளக்கு முதலில் எரியும். சிக்கனமாக ஓட்டியதற்கு அபராதம் போல. இலங்கையில் இதே வடிகட்டி உள்ள ஜப்பானிய வேன்களுக்கு ‘சுப்பர் டீசல்’ ஊற்ற வேண்டிய இடத்தில், விலை குறைந்த, கந்தகம் கூடிய ‘ஓட்டோ டீசல்’ ஊற்றி அடைத்துக்கொள்பவர்கள் உண்டு. வண்டியைப் போற்றும் நாட்டிலும் டீசல்காரர்கள் கணக்கு பார்ப்பவர்கள்தான்.

கடைசியாக, ஓட்டுபவரின் கையில் இல்லாத ஒரு தேய்மானம். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் பத்து சதவீதத்தை எட்டி, 2025இல் இருபதைத் தொட்டது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு. பத்து சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் இதனால் ஆறு முதல் ஏழு சதவீதமும், இருசக்கர வண்டிகளில் மூன்று முதல் நான்கு சதவீதமும் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. நியூட்ரலில் போடாமல், டயரில் காற்றுப் பார்த்து, சிக்னலில் அணைத்து ஒருவர் பாடுபட்டுச் சேர்க்கும் மிச்சமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் ஊறவைத்து இளக்கும். ஈரத்தை இழுத்து டாங்க்கின் அடியில் துருவேற்றும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள் இதைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் குழாயை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். கொழகொழத்திருந்தால் மாற்றிவிட வேண்டும்; சில நூறு ரூபாயில் முடியும் வேலை அது, சூடான சைலன்சரின் மேல் சொட்டத் தொடங்குவதற்குள் செய்துவிட்டால்.